குத்துக்காரன் போன பிறகு

குலுக்கையின் அடித்துளையில் திணித்திருந்த பழந்துணி இன்றைக்கும் வெளியே கிடந்தது. சுடலைவடிவு விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நேற்றுச் சாயங்காலம்தான் கட்டைவிரலால் குத்திக் குத்தி இறுக்கி அடைத்திருந்தாள். எலி இழுத்திருந்தால் துணி கந்தலாகியிருக்கும், பல் பட்ட இடம் தெரியும். இது அப்படி இல்லை. துவைத்த பாவாடையை மடித்து வைப்பதுபோல ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து, துளைக்கு நேர் கீழே, தரையில் வைத்திருந்தது.

அந்த வீட்டின் அரங்கு, உள்ளறை, பட்டப்பகலிலும் இருட்டாகத்தான் இருக்கும். சன்னல் கிடையாது. இருட்டில் பாதியை அடைத்துக்கொண்டு குலுக்கை நின்றது. களிமண்ணும் வைக்கோலும் குழைத்து, உறைமேல் உறையாக ஏற்றி, ஆள் உயரத்துக்கு எழுப்பிய நெற்கூடு. மேலே வாய், அதற்கு ஒரு கனத்த மண்மூடி. கீழே நெல் இறக்கிக்கொள்ள ஒரு கை நுழைகிற துளை. பிசான நெல் அறுப்புக்கு இன்னும் நாள் கிடந்தது. மருதப்பத்து ஊரில் தை மாதத்தில் எந்த வீட்டுக் குலுக்கையிலும் நெல் இருக்காது, வடிவு வீட்டில் அதன் வாசனைகூட இல்லை.

"எலியாத்தான் இருக்கும்" என்றான் அவள் புருஷன் பரமசிவன், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டே.

"எலி துணிய மடிச்சா வைக்கும்?"

அரங்குப் பக்கம் திரும்பாமலே அவன் படி இறங்கிப் போனான். போன சித்திரைக்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. மகள் பேச்சை எடுப்பதில்லை. பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தால் மகள் முகம் தெரிகிறது என்று அதையும் குறைத்துக்கொண்டான். ஆம்பிளைக்கு வயல் இருக்கிறது, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். வடிவுக்கு இந்த வீடும் இந்த அரங்கும் ஆவணியில் பிறந்த கைக்குழந்தை கொம்பையாவும்தான்.

துணியை எடுத்துத் துளையில் வைக்கக் குனிந்தாள். உள்ளேயிருந்து வெதுவெதுப்பாக ஒரு காற்று அவள் கன்னத்தில் பட்டது. காலியாகக் கிடக்கிற மண்கூட்டுக்குள் குளிர்ச்சிதான் இருக்கவேண்டும். இது காய்ச்சல்காரர் பக்கத்தில் குனிந்தால் முகத்தில் அடிக்கிற அனல். கூடவே வேப்பிலை வாடை, அரைத்த மஞ்சளின் வாடை, அதற்கும் அடியில் இனித்துப் புளித்து அழுகின இன்னொரு வாடை. அந்த வாடையை அவள் எந்த உலகத்துக்குப் போனாலும் மறக்கமாட்டாள். அம்மை கண்ட வீட்டின் வாடை அது. துணியை முன்னைவிட இறுக்கித் திணித்தாள்.

மத்தியானங்களில்தான் சத்தம் கேட்டது. ஆண்கள் வயலுக்குப் போய், தெரு அடங்கி, வாய்க்கால் தண்ணீர் ஓடுவது மட்டும் தூரத்தில் கேட்கிற வேளையில், உத்தரத்தில் கட்டிய சேலைத் தொட்டிலில் கொம்பையா முழித்துக்கொண்டு கிடப்பான். குலுக்கையைப் பார்த்துக் கையைக் காலை ஆட்டுவான், யாரோ விளையாட்டுக் காட்டுவதுபோலக் கெக்கலி கொட்டிச் சிரிப்பான். அப்போது உள்ளே மண்சுவரில் பைய நகம் உராயும். மடக்கி வைத்த கால் மரத்துப்போய் யாரோ மாற்றி உட்காருகிற மாதிரி ஓர் அசைவு கேட்கும். எச்சில் விழுங்குகிற சத்தம்கூட ஒருநாள் கேட்டது. அன்றைக்கு வடிவு மனதைத் திடப்படுத்திக்கொண்டு துளைக்கருகே வாயை வைத்து, "யாரு?" என்றாள்.

எல்லாம் நின்றுபோயிற்று. ஒன்றுமில்லாத இடத்தின் அமைதியாக அது இல்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை ஒளிந்திருக்கிற அமைதி. அதை அவள் அடையாளம் கண்டுகொண்டாள், ஏனென்றால் அதைச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

டில்லியில் வெள்ளைக்கார ராஜாவுக்கு முடி சூட்டினார்கள் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்களே, அதற்கு அடுத்த மாதம், போன தையில், நடந்தது அது. பாளையங்கோட்டையிலிருந்து சத்தியநேசன் என்று ஒருவர் அம்மை குத்த வந்தார். சிலுவை கும்பிடுகிற வேதக்காரர். கறுப்புக் கோட்டு, குடை, கையில் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் கண்ணாடிக் குழலில் அம்மைப்பால். பிள்ளைகளின் புஜத்தில் கத்திமுனையால் கீறி அந்தப் பாலைத் தடவினால் பெரிய அம்மை வராது என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். யார் கேட்டார்கள்? கன்றுக்குட்டியின் சீழ் அது, உடம்பில் ஏறினால் அம்மனுக்குக் கோபம் வரும், கை அழுகி விழும் என்றது ஊர். சீமைக்குப் பிடித்துப்போக அடையாளம் போடுகிறான் என்றும் ஒரு பேச்சு. தலையாரியின் குரல் தெருமுனையில் கேட்டதுமே மருதப்பத்துத் தாய்மார் அத்தனை பேரும் பிள்ளைகளைத் தூக்கிக் காலிக் குலுக்கைக்குள் இறக்கி மூடிவிடுவார்கள். ஊரே கூடிச் செய்த கெட்டிக்காரத்தனம். அதில் எல்லாரையும்விடக் கெட்டிக்காரி வடிவு.

மற்றவர்கள் அன்றைக்கு அன்று தூக்கிப் போட்டார்கள். வடிவு முன்கூட்டியே மகளைப் பழக்கினாள். சந்தனமாரியைக் குலுக்கைக்குள் இறக்கி, எட்டிக் குனிந்து அவள் உள்ளங்கையை அவள் வாய்மேலேயே வைத்து அழுத்திக் காட்டினாள்.

"இப்படிப் பொத்திக்கிடணும். வெளிய சத்தம் கேக்கக் கேக்க நல்லா இறுக்கிப் பொத்திக்கிடணும். யாரு கூப்பிட்டாலும் வரப்பிடாது, என்னா?"

"நீ கூப்பிட்டா?"

"சும்மா பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் வராத. 'குத்துக்காரன் போயிட்டான், வெளிய வாளா'ன்னு சொல்லுவேன். அப்பத்தான் வரணும்."

அடுத்த வீட்டுப் பேச்சித்தாயின் மகளுக்கு இத்தனை சமத்துக் கிடையாது. இருட்டுக்குள் போட்டதும் வீறிட்டு அலறினாள். சத்தியநேசன் மூடியைத் தள்ளி அவளைத் தூக்கியெடுத்து, திமிரத் திமிரக் கையில் கீறிவிட்டுப் போனார். பேச்சித்தாய் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அதைப் பார்த்து வடிவு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தன் வீட்டில் பிள்ளையே இல்லை என்று அவரிடம் கூசாமல் சொல்லி அனுப்பியிருந்தாள் அல்லவா.

மகளைத் தூக்கி வெளியே விட்டபோது வேர்வையில் முடியெல்லாம் நெற்றியோடு ஒட்டியிருந்தது. உதட்டில் அவளுடைய பல்லே பதிந்திருந்தது. ஆனால் முகத்தில் அத்தனை பெருமை.

"நான் சத்தமே போடலல்லாம்மா?"

"போடல்ல என் தங்கம். இனி தம்பி பொறந்தாலும் அவனையும் நீதான் இதுக்குள்ள ஒளிச்சு வச்சுப் பாத்துக்கிடணும்" என்றாள் வடிவு, வயிற்றைத் தடவிக்கொண்டே.

சித்திரையில் ஊருக்குள் அம்மை இறங்கிற்று. சத்தம் போட்ட பிள்ளை, புஜத்துத் தழும்போடு தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தது. சொன்ன சொல் கேட்ட பிள்ளை, வேப்பிலைப் படுக்கையில் கிடந்தது. கண் திறக்க இடமில்லாமல் முகம் முழுக்க முத்து. அம்மை கண்ட வீட்டில் அந்தப் பிள்ளை பிள்ளை அல்ல, அம்மன். அது பேசினால் பேசுவது அவள். கையெடுத்துக் கும்பிடவேண்டுமே தவிர வாய்க்கு வாய் பதில் சொல்லக்கூடாது. வடிவும் அப்படித்தான் நடந்தாள். காய்ச்சல் வேகத்தில் சந்தனமாரி தான் இன்னும் குலுக்கைக்குள் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள்.

"இருட்டா இருக்கும்மா. குத்துக்காரன் போயிட்டானா? வெளிய வரட்டா?"

வடிவு கும்பிட்ட கையோடு, "தாயே, மனசு குளிரு தாயே" என்றாள்.

"வரட்டாம்மா?"

"தாயே..."

கேட்டுக் கேட்டு, பதில் வராமலே அது அடங்கிப்போயிற்று. ஆற்றங்கரையில் குழி வெட்டிப் புதைத்தார்கள். அழக்கூடாது, அம்மன் கோபிப்பாள் என்று பெண்கள் வடிவின் வாயைப் பொத்தினார்கள். அந்தக் கை இன்னும் தன் வாய்மேல் இருப்பதாகவே அவளுக்குப் பல நாள் தோன்றும். என்னத்துக்கு அம்மன், என்னத்துக்குக் கும்பிடு, 'வாளா' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று அவள் தலையில் அடித்துக்கொள்ளாத நாள் கிடையாது.

அந்தச் சொல்லை இப்போது குலுக்கைப் பக்கம் நின்று சொல்லிவிடலாமே என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் கூப்பிட்டால் வந்து நிற்பது எதுவாக இருக்கும்? புதைக்கும்போது இருந்த முகத்தை நினைத்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எலி என்றே சொல்லிக்கொண்டு வெளியே வந்துவிடுவாள்.

அன்று பொழுது சாயும்போது பேச்சித்தாய் வாசலில் வந்து நின்றாள். போன வருஷத்துச் சிரிப்பை அவள் மறக்கவில்லை. மன்னித்துவிட்டாள், அது வடிவை இன்னும் சுட்டது.

"ஏளா வடிவு, அம்பாசமுத்திரம் சந்தையில அம்மா வந்திருக்காளாம். அங்க ஒரு கடைக்காரர் வீட்டுலயே ரெண்டு புள்ளைக்கு முத்து போட்டிருக்காம். நாளைக்கு அந்தக் குத்துக்கார ஐயா வாராவளாம். இந்தத் தடவ ஒளிச்சுக் கிளிச்சு வச்சிராத."

"நான் ஏன் ஒளிச்சு வைக்கப் போறேன்? முதக் கை எம் புள்ள கைதான்."

உள்ளே வந்து தொட்டிலை ஆட்டினாள். மனசு ஒருவழியாகத் தெளிந்திருந்தது. இந்த ஒன்றையாவது காப்பாற்றிவிட்டால் போதும், அப்புறம் என்ன வந்தாலும் வரட்டும். கொம்பையாவின் கொழுத்த புஜத்தை வருடி, வாய்விட்டே சொன்னாள்:

"நாளைக்குக் குத்துக்கார ஐயா வாராவ. நீ அழப்பிடாது ராசா, என்னா?"

குலுக்கைக்குள் ஏதோ சட்டென்று எழுந்து உட்கார்ந்தது.

மறுநாள் விடிந்ததிலிருந்தே மூட்டமாக இருந்தது. பொதிகை மலை கண்ணுக்குத் தெரியவில்லை. உச்சிவேளையில் தலையாரி தெருவில் வந்து, "அம்மைப்பால் வைக்க ஐயா வந்திருக்காவ, புள்ளையளத் தூக்கிட்டு வாங்க!" என்று கூவினான். போன வருஷம் இந்தக் குரலுக்குக் கதவுகள் சாத்தின ஊர், இன்றைக்கு முண்டியடித்துக்கொண்டு புளியமரத்தடிக்கு ஓடிற்று. புத்தி வந்துவிட்டது. அந்தப் புத்திக்கு ஆற்றங்கரையில் எத்தனை குழி வெட்டவேண்டியிருந்தது என்பதை யாரும் பேசவில்லை.

வடிவு ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அரங்குக்குள் போனாள்.

தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. லேசாக, கனமில்லாமல். உள்ளே கையை விட்டாள். சேலை மட்டும் சூடாக இருந்தது. பிள்ளை இல்லை.

தவழக்கூடத் தெரியாத பிள்ளை. தொட்டிலுக்குக் கீழே தடவினாள். மூலையில் தடவினாள். பானைகளின் பின்னால் தடவினாள். அப்போதுதான் காலில் துணி தட்டுப்பட்டது. மடித்து வைத்த துணி.

துளையில் காதை வைத்தாள். உள்ளே கொம்பையாவின் கெக்கலி பாதி கேட்டது. மீதிப் பாதியை எதுவோ பொத்திற்று.

"ஐயோ எம் புள்ள!"

எம்பி மூடியைத் தள்ளினாள். எத்தனையோ தடவை ஒற்றை ஆளாகத் தள்ளின மூடி. அசையவில்லை. உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டிருப்பது அவள் கைக்குத் தெரிந்தது. அந்தப் பிடி அப்படியொன்றும் பெரிய பிடி அல்ல. சின்னப் பிள்ளையின் பிடி. ஆனால் விடாத பிடி. உலக்கையை எடுத்து வந்து மண்சுவரில் ஓங்கி இடித்தாள். ஒரு இடி. உள்ளே பிள்ளை வீறிட வாயெடுத்து, மூக்கும் வாயும் சேர்த்துப் பொத்தினதுபோலத் திணறிற்று. இன்னொரு இடி. திணறல் குறைந்தது.

உலக்கை கையிலிருந்து நழுவிற்று.

சத்தம் கேக்கக் கேக்க நல்லா இறுக்கிப் பொத்திக்கிடணும்.

"மாரி" என்றாள். "மாரி, அம்மாதான்ளா. தம்பிய விட்டுரு."

பதில் இல்லை. சும்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் வரக்கூடாது. சொல்லிவைத்தது அப்படித்தான்.

"யாரும்மா உள்ள? எல்லாக் கையும் முடிஞ்சிட்டு, உன் வீடுதான் பாக்கி." வாசலில் செருப்புச் சத்தம். சத்தியநேசனேதான். குடையை மடக்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "புள்ளையக் கொண்டா. பால் நாளைக்கு நிக்காது."

வடிவு அரங்கு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அவள் வாயிலிருந்து வந்த சொல்லை அவளே வெறுத்தாள்.

"புள்ள இல்லைய்யா."

அவர் அவளைப் பார்த்தார். அப்புறம் கீழே கிடந்த உலக்கையை. அப்புறம் அவளைத் தாண்டிக் குலுக்கையை. ஊர் ஊராக இதையே பார்த்துப் பார்த்துச் சலித்த முகம் அது.

"போன வருஷமும் இதத்தான சொன்ன? அந்தப் பொம்பளப்புள்ள இப்ப எங்கம்மா?" குரல் உடைந்தது அவருக்கு. "இன்னும் உனக்குப் புத்தி வரலியா? தள்ளு."

அவர் உள்ளே நுழைந்தார். ஒவ்வொரு அடிக்கும் செருப்பு அறைந்தது. ஒவ்வொரு அடிக்கும் உள்ளே மூச்சு இளைத்தது. வடிவுக்கு மட்டும் கேட்டது. மூடிமேல் அவர் கை வைத்தார்.

ஒன்றுமே கேட்கவில்லை.

"தொடாதீக!" காலைக் கட்டிக்கொண்டு அவரை வாசல்வரை இழுத்தாள். அலறக்கூட முடியவில்லை, அலறினால் இன்னும் இறுக்கும். ரகசியம் சொல்வதுபோலக் கெஞ்சினாள். "நீங்க கும்பிடுத சாமி சத்தியமாச் சொல்லுதேன், நீங்க போனாத்தான் எம் புள்ள பொழைக்கும். போயிருங்கய்யா. பைய நடந்து போங்கய்யா."

சத்தியநேசன் காலை உதறிக்கொண்டார். திட்ட நினைத்தவர் திட்டவில்லை. "ஒன் கையாலயே கெடுத்துக்கிடுத" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். முதல் கை தன் பிள்ளையின் கை என்று நேற்றுச் சொன்னவள், அந்தப் பெட்டி போவதைப் பார்த்துக்கொண்டு தரையில் கிடந்தாள்.

உடனே சொல்ல முடியாது. உள்ளே இருக்கிற பிள்ளைக்குக் காது கூர்மை. வண்டி பூட்டுகிற சத்தம் கேட்கவேண்டும். மாட்டுக் கழுத்து மணி தெருவைத் தாண்டவேண்டும். தாண்டிற்று. வாய்க்கால் பாலம். மணி தேய்ந்தது. இன்னும் கேட்டது. இன்னும். நின்றது.

அரங்குக்குள் தவழ்ந்து போனாள். குலுக்கையின் முன்னால் மண்டியிட்டாள். கும்பிடப் போன கையைக் கீழே போட்டாள்.

"குத்துக்காரன் போயிட்டான்." எச்சிலை விழுங்கினாள். "வெளிய வாளா."

உள்ளே ஒரு நீண்ட பெருமூச்சு. ஒரு வருஷமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு.

மூடி நகர்ந்தது. மண்ணோடு மண் உராய்ந்தது. வேப்பிலை வாடையும் அழுகல் வாடையும் அரங்கை நிறைத்தன. முதலில் விரல்கள். ஆற்றுமணல் ஒட்டின நகங்கள். அப்புறம் மெலிந்த இரண்டு கைகள், தோலில் துளி இடமில்லாமல் உலர்ந்த முத்து. அந்தக் கைகள் கொம்பையாவை உயரத் தூக்கி அவளிடம் நீட்டின.

பிள்ளைக்கு உயிர் இருந்தது. கண் முழித்து, அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. உச்சந்தலை முதல் நெற்றி வரைக்கும், கீறல் படாத அந்தக் கொழுத்த புஜம் முழுக்கவும், மினுமினுவென்று புதுசாய் முத்து எழும்பியிருந்தது.

குலுக்கையின் இருட்டுக்குள்ளிருந்து, முகம் இன்னும் மேலே வராமல், அந்தப் பழைய பெருமையோடு குரல் கேட்டது.

"தம்பியும் சத்தமே போடலல்லாம்மா?"